கதை குறைந்த படம்

வீட்டிலிருந்தே பார்க்க வாரந்தோறும் வந்து இறங்கும் புதுப்படங்களில் எது தேறும் என்று பலரும் என்னைத்தான் கேட்பார்கள். யாழ்ப்பாணம் குருநகரில் நான் மீன் வாங்குகிற அண்ணையும் கேட்பார். அவருக்கு எப்போதும் ஒரே நிபந்தனை.

"தம்பி, கதை குறைஞ்ச படமாச் சொல்லும்."

எனக்கு எரிச்சல் வரும். கதை இல்லாமல் என்ன படம்? வெட்டும் குத்துமாக ஏதாவதொன்றைச் சொல்லிவிட்டு வந்துவிடுவேன்.

போன ஞாயிறு மாலை முதன்முறையாக அவர் வீட்டுக்குப் போனேன். நான் சொன்ன படம்தான் ஓடிக்கொண்டிருந்தது. வில்லன் நிறுத்தாமல் வசனம் பேசினான். அண்ணை அதையெல்லாம் பக்கத்திலிருந்த மனைவிக்குக் கைகளால் சொல்லிக்கொண்டிருந்தார். அக்காவுக்குக் காது கேட்காது என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

"உவங்கள் ஓயாமல் கதைக்கிறாங்கள் தம்பி. கீழை ஓடுற எழுத்தும் இங்கிலீசு. இவ என்ரை கையைப் பாக்கிறதோ, படத்தைப் பாக்கிறதோ?"

இத்தனை நாளும் அவர் குறையக் கேட்ட 'கதை' படத்தின் கதையல்ல, பேச்சு.

நானே எழும்பிப் படத்தை மாற்றினேன். ஒரு கிழவனும் நாயும் மலையேறுகிற படம். அந்த வாரம்தான் வந்திருந்தது. அதில் ஒருவரும் வாய் திறப்பதில்லை. அண்ணையின் கைகள் வேலையின்றி மடியில் கிடந்தன. கொஞ்ச நேரத்தில், திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே, அக்கா அவற்றில் ஒன்றை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.