எருமை விற்று வந்த தாய்மாமன்

தென்னாப்பிரிக்காவில் இந்த டர்பன் ஊரில் தை மாதம் வேகிறது, ஆடி மாதம் குளிர்கிறது. பொங்கல் பானைக்கு முன்னால் நின்றால் சுடுவது அடுப்பா வெயிலா என்றே தெரியாது. அதற்கெல்லாம் பழகிவிட்டேன். கூடப் பிறந்தவன் வீட்டுக்கு வருவதற்கு சர்க்கார் சீட்டு வேண்டும் என்பதற்குத்தான் இன்னும் பழகவில்லை. ஆம்பூரில் நான் சிறுமியாக இருந்தபோது காவேரிப்பாக்கத்து மாமா யாரைக் கேட்டு வந்தார்? வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டால்தான் வந்திருக்கிறார் என்றே எங்களுக்குத் தெரியும். அம்மா உலையில் இன்னொரு பிடி அரிசி போடுவாள், அவ்வளவுதான்.

என் வீட்டுக்காரர் இந்த மண்ணிலேயே பிறந்தவர். மாமனார் கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தத்தில் வந்து, பிறகு காணி பிடித்துக் காய்கறி போட்டவர். அந்தத் தோட்டத்துக்குத்தான் ஆம்பூரிலிருந்து என்னைக் கட்டிக்கொண்டு வந்தார்கள். எங்கள் மகள் பொன்னிக்கு ஆறு வயதாகியும் காது குத்தவில்லை. பக்கத்து வீட்டுக்காரிகள் கேட்காத நாளில்லை. "இப்படியே போனா கல்யாணப் பந்தல்லதான் குத்துவே போல" என்று வீட்டுக்காரரும் கிண்டல் செய்வார். செய்யட்டும். தாய்மாமன் மடியில் உட்காராமல் என் பெண்ணுக்குக் காது குத்துவதா? அவளுக்கு ஒரே தாய்மாமன், என் தம்பி முனுசாமி. அவனோ ஆம்பூரில் தோல் ஷாப்பில் பட்டைக் குழியில் இறங்கி வேலை செய்கிறவன். அங்கே தோல் பதனிட ஆவாரம்பட்டையை ஊற வைப்பார்கள். அதில் நின்று நின்று அவன் நகமெல்லாம் பழுப்பேறிக் கிடக்கும். கை நனைந்தால்தான் வாய் நனையும் என்கிற பிழைப்பு. கப்பல் டிக்கெட்டுக்கு அவன் எங்கே போவான்? அதனால் இரண்டு வருஷம் முட்டைகோஸ் விற்ற காசைச் சேர்த்து, அவன் வந்துபோக பாஸ் கேட்டு நாங்களே இங்கிருந்து மனுப் போட்டோம்.

இமிகிரேஷன் ஆபீஸ் துரை கெட்டவரில்லை. ஆனால் அவருக்குப் புரிய வைப்பதற்குள் எனக்கு நாக்கு வறண்டுவிட்டது. காது குத்த வருகிறான் என்றால், "அவன் காது குத்துகிற தொழிலாளியா?" என்று கேட்டார். இல்லை, குத்துவது ஆசாரி, இவன் மடியில் வைத்துக்கொள்வான் என்று வீட்டுக்காரர் இங்கிலீஷில் சொன்னார். துரை அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"மடிதானே வேண்டும்? உனக்கு மடி இல்லையா?"

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. வீட்டுக்காரரோ சிரித்துத் தொலைத்தார். கடைசியில் துரை கேட்டது ஒன்றே ஒன்றுதான். ஏழை இங்கே வந்தால் திரும்பிப் போக மாட்டான், இவன் போவான் என்பதற்கு அங்கே என்ன இருக்கிறது?

முனுசாமிக்கு என்ன இருக்கிறது? பாலாற்றங்கரைப் பக்கம் ஒரு கூரை வீடு, பெண்டாட்டி, ஒரு பெண் குழந்தை, இரண்டு கறவை எருமைகள். அந்த எருமைகளின் பால்தான் ஷாப் முதலாளி சாயபு வீட்டுக்குப் போகும். எல்லாவற்றுக்கும் மணியக்காரரிடம் சான்று வாங்கி அனுப்பினான். ஆபீசில் எருமைகளைத்தான் பெரிதாக எடுத்துக்கொண்டார்கள். டிபாசிட்டும் கட்டச் சொன்னார்கள், கட்டினோம். பாஸ் வந்துவிட்டது. அன்று தெருவுக்கே கேசரி கிளறிக் கொடுத்தேன்.

கப்பல் வந்த அன்று பொன்னியையும் கூட்டிக்கொண்டு துறைமுகத்துக்குப் போனோம். எல்லாரும் இறங்கி வந்தார்கள், இவன் மட்டும் வரவில்லை. விசாரித்தால் உள்ளே மேஜை முன்னால் நிற்க வைத்திருக்கிறார்கள். பேச்சை மாற்றிச் சொல்லும் துபாஷி ஒரு வாணியம்பாடி சாயபு. ஊர்ப் பேச்சைக் கேட்டதும் எங்களை உள்ளே விட்டார்.

துறைமுகத்துத் துரை காகிதத்தைப் பார்த்துச் சும்மா ஒரு பேச்சுக்குக் கேட்டாராம், எருமைகளை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று. என் தம்பி அரிச்சந்திரன் வீட்டுக்குப் பக்கத்து வீட்டுக்காரன் அல்லவா!

"வித்துட்டேன் சாமி" என்று சொல்லிவிட்டான்.

துபாஷி தலையில் அடித்துக்கொண்டார். "அரே, இன்னாப்பா பண்ணிட்டே? நீ திரும்பிப் போவேங்கிறதுக்கு அதானே ருசு!"

"அதுக்கு இன்னா பண்றது பாய்? வெறுங்கையோட வர்றவன் தாய்மாமனா?" என்று இடுப்பு முடிச்சை அவிழ்த்தான். குழந்தைக்குக் கம்மல், கொலுசு, மடித்து மடித்துக் கசங்கிய ஒரு பட்டுப் பாவாடை. இரண்டு எருமையும் அந்த மேஜை மேல் கிடந்தன. எனக்கு அழுகையும் வந்தது, அவனை நாலு சாத்து சாத்தலாம் போலவும் வந்தது.

துரை யோசித்தார். அங்கே இப்போது ஒன்றும் இல்லாததால் டிபாசிட்டை இரண்டு மடங்காக்கினார். சாயங்காலத்துக்குள் கட்டாவிட்டால் இதே கப்பலில் திருப்பி அனுப்பிவிடுவோம் என்றார். முனுசாமி அந்தக் கம்மலை வீட்டுக்காரர் பக்கம் தள்ளினான். "மச்சான், இத்த அடகு வெச்சிடு."

"மூட்றா வாயை! அது என் பொண்ணோடது" என்று கத்தினேன். அந்த அறையே திரும்பிப் பார்த்தது. என் காதிலிருந்த இரண்டு கம்மலையும் அங்கேயே கழற்றி வீட்டுக்காரர் கையில் வைத்தேன். என் காதுகுத்துக்கு என் தாய்மாமன், அந்தக் காவேரிப்பாக்கத்து மாமா போட்டது, அதுவரை ஒரு நாளும் கழற்றியதில்லை. மனுஷர் கிரே தெரு நகைக்கடைக்கு ஓடினார் பாருங்கள், அப்படி ஓடி நான் பார்த்ததே இல்லை. விளக்கு வைப்பதற்கு முன்னால் தம்பி என் வீட்டில் கால் கழுவினான்.

காதுகுத்துக்குத் தெருவே வந்தது. காது துளை தூர்ந்துவிடக் கூடாதென்று விளக்குமாற்றுக் குச்சியை ஒடித்துச் செருகிக்கொண்டு, வந்தவர்களுக்குச் சந்தனம் கொடுத்தேன். எனக்கு ஒரு வெட்கமும் இல்லை, மகாராணி மாதிரி நடந்தேன். ஆசாரி ஊசியை எடுத்ததும் பொன்னி, "மாயே! மாயே!" என்று அலறினாள். ஜூலுப் பிள்ளைகள் வலித்தால் போடுகிற கூச்சல் அது. அவர்களோடு விளையாடி அவளுக்கும் அதுதான் வரும். முனுசாமிக்கு அது என்ன பாஷை என்றே தெரியாது. "ஆச்சுடா கண்ணு, ஆச்சு" என்று பழுப்பு நகத்தால் கண்ணைத் துடைத்துவிட்டான். அவளும் அவன் சட்டையிலேயே மூக்கைத் துடைத்துக்கொண்டாள். என் வயிறு குளிர்ந்துபோயிற்று.

மூன்று மாதம் இருந்தான். தோட்டத்தில் மச்சானுக்குச் சமமாக மண்வெட்டி பிடித்தான். பொன்னி அவன் தோளை விட்டு இறங்கவே இல்லை. இன்னும் கொஞ்ச நாள் இரேன்டா என்று கேட்க வாய் வரை வரும். ஆனால் அவன் கப்பலேறினால்தான் டிபாசிட் திரும்பும், டிபாசிட் திரும்பினால்தான் என் கம்மல் திரும்பும். நான் கேட்டால் அவன் தயங்குவான், மச்சான் சங்கடப்படுவார். கேட்கவில்லை.

அவனைக் கப்பலேற்றிவிட்டு வீட்டுக்காரர் ஆபீசுக்கும் நகைக்கடைக்கும் போய்விட்டு வந்தார். சந்தோஷமாகப் பொட்டலத்தைப் பிரித்து நீட்டினார். பாவம், நான் குதிப்பேன் என்று எதிர்பார்த்திருப்பார். வலது காதில் கம்மலைப் போட்டுத் திருகினேன். ஊருக்கு வந்தது போலக் கனமாக, சுகமாக இருந்தது. இடது காதுக்குக் கை போகவில்லை. இதைப் போட்டு முடித்தால் தம்பி நிஜமாகவே போய்விட்டான் என்று ஆகிவிடுமே.

"அம்மா, ஒரு காதுல தங்கம், ஒரு காதுல துடப்பக்கட்டை!" என்று பொன்னி கைகொட்டிச் சிரித்தாள்.

நானும் சிரித்துவிட்டு, அப்படியே போய் அடுப்பு பற்ற வைத்தேன்.