ஆறும் பொட்டை

என் கைக்கு ராசி இல்லைன்னு ரெண்டு வருஷமா நம்பிக்கிட்டு இருந்தேன். நம்ப வச்சவ என்கூட ஆறாம் வகுப்புல இருந்து படிச்சவ. இப்பவும் ரெண்டு தெரு தள்ளித்தான் இருக்கா.

அவ வீட்டு மீன்தொட்டியில விரல் நீளத்துக்குக் கெளுத்தி மீனுங்க அடியில மேஞ்சுக்கிட்டு இருக்கும். மீசையால மணலைக் கிளறுற அழகைப் பாத்து எனக்கும் ஆசை வந்துருச்சு. "நானும் குஞ்சு எடுத்துப் பாக்கணும்டி"ன்னு கேட்டேன். ஆறு மீனைப் பையில போட்டுக் குடுத்தா. "ஆணும் பொட்டையும் கலந்துதான் இருக்கு, கவலைப்படாத"ன்னு அவ வாயாலதான் சொன்னா.

திண்டுக்கல்லுல எங்க போர் தண்ணி ஒரே உப்பு. பத்து நாளைக்கு ஒருக்கா குழாயில வர்ற நல்ல தண்ணியில மீனுக்குன்னு ரெண்டு குடம் ஒதுக்குனேன். "அப்ப எனக்குக் காப்பி உப்புத் தண்ணியிலதானா?"ன்னாரு வீட்டுக்காரரு. அந்தத் தண்ணியை ஃப்ரிட்ஜுல வச்சுக் குளிர்ச்சியாக் கொஞ்சங்கொஞ்சமா ஊத்தணும். மழை வந்துருச்சுன்னு நெனச்சு மீன் முட்டை போடும். போட்டுச்சே! கண்ணாடி பூரா பொடி ஜவ்வரிசியை ஒட்டவச்ச மாதிரி. அப்படியே விட்டா போட்டதே தின்னுரும். விரல் நுனியால பைய உருட்டி எடுத்து வேற டப்பாவுல விட்டேன். பூஞ்சை பிடிக்காம இருக்க நீல மருந்து ரெண்டு சொட்டு, காஞ்ச வாதாம் இலை ஒண்ணு. சோறு தண்ணி மறந்து காவல் காத்தேன். ரெண்டாம் நாளு எல்லாம் வெள்ளையாகிப் பஞ்சு பூத்துருச்சு.

அவகிட்டச் சொன்னதுக்கு, "உனக்குக் கைராசி இல்லடி, முட்டையத் தொடாத"ன்னா. அடுத்த தடவை வீட்டுக்காரரை எடுக்கச் சொன்னேன். அதுவும் போச்சு. "தண்ணி நீதான ஊத்துன?"ன்னு கேட்டா பாருங்க! அதுக்கும் மண்டைய ஆட்டிக்கிட்டு வந்தேன்.

இது மீனோட நின்னிருந்தாத் தேவலை. பாலுக்கு உறை ஊத்தக்கூட யோசிக்க ஆரம்பிச்சேன். பக்கத்து வீட்டுல முருங்கைக் குச்சி நட்டுத் தரச் சொன்னா ஏதாவது சாக்குச் சொல்லுவேன். சின்னாளபட்டியில என் தங்கச்சி புது வீடு கட்டிப் பால் காய்ச்சுனப்ப, "அம்மா இல்லாத எடத்துல நீதான்க்கா பானையில ஊத்தணும்"னு பால் செம்பை எங்கிட்ட நீட்டுனா. நான் கையை முந்தானையில மறைச்சுக்கிட்டேன். கூட வந்திருந்த என் சிநேகிதிகிட்டயே, "நீ ராசிக்காரி, நீ ஊத்துடி"ன்னு குடுத்துட்டேன். வாங்கிச் சிரிச்ச முகமா ஊத்துனா.

போன மாசம் மீனுக்கு மருந்து வாங்கப் போன கலர்மீன் கடையில, போன்ல இருந்த தொட்டிப் படத்தைக் காட்டிக் குறை சொல்லி அழுதேன். கடைக்காரரு படத்தைப் பெருசாக்கிப் பாத்தாரு. "ஆண் மீனு மேல இருந்து பாத்தா ஒல்லியா இருக்கும்க்கா. இது ஆறும் பொட்டை. முட்டை மட்டும் போடும், ஆண் இல்லாம எங்குட்டுப் பொரிக்கும்?"

நேரா அவ வீட்டுக்குத்தான் போனேன். செருப்பக்கூடக் கழட்டல. "தெரிஞ்சேதான் குடுத்தியா?"

"தெரியும்டி. நம்ம பக்கம் குஞ்சு எடுக்கிறவ நான் ஒருத்தின்னு இருக்கட்டுமேன்னு... சும்மா வெளாட்டுக்கு. மீனுதானடி, இதுக்குப் போயி இம்புட்டுக் கோவமா?"

"பால் செம்பை உன் கையில குடுத்தேனே, அப்பவாச்சும் சொல்லக் கூடாதா, பாவி?"

கூட இருந்தே குழி பறிச்சவ வீட்டுல நிக்கப் பிடிக்காம வெளிய வந்துட்டேன்.

கடையில மூணு ஆண் மீன் வாங்கி விட்டேன். இந்தத் தடவை முட்டையை நானேதான் எடுத்தேன். நாலாம் நாளு காலையில டப்பா அடியில நூல் நூலா முப்பது குஞ்சுக்கு மேல வாலை ஆட்டிக்கிட்டுக் கிடந்துச்சு. உடனே தங்கச்சிக்குப் போனைப் போட்டேன். குஞ்சு பொரிச்சது, அவ செஞ்ச துரோகம், என் கைராசிக் கதை, எல்லாத்தையும் கொட்டுனேன். "எப்படி ஏமாத்திட்டா பாத்தியா?"ன்னேன்.

தங்கச்சி குஞ்சைப் பத்திக் கேக்கவே இல்லை.

"அவ ஏமாத்துனது இருக்கட்டும். நான் உங்கிட்டத்தானக்கா செம்பை நீட்டுனேன்"னா.