பதின்மூன்று வயது வரை என் கையில்

கனடாவில் இருக்கும் என் தம்பிக்குப் பிள்ளைகள் இல்லை. அதனால் பிள்ளைகளுக்கு எதை வாங்கலாம், எதை வாங்கக் கூடாது என்ற விவரமும் அவனுக்கு இல்லை. மகள் பாடசாலை விளையாட்டுப் போட்டியில் ஓடி இரண்டாவதாக வந்தாள் என்று நான் போனில் சொன்னதுதான் தாமதம், அவளுடைய பத்தாவது பிறந்தநாளுக்கு ஊருக்கு வந்த ஒருவரிடம் சின்னப் பெட்டியொன்றைக் கொடுத்துவிட்டான். உள்ளே நீலப் பட்டி போட்ட ஒரு மணிக்கூடு. நேரம் காட்டுவது அதற்குச் சின்ன வேலை. நடந்தால் காலடியை எண்ணும், ஓடினால் நெஞ்சு எப்படி அடிக்கிறது என்று சொல்லும், எவ்வளவு நேரம் நித்திரை கொண்டோம் என்று காலையில் கணக்குக் காட்டும். மகள் அதைக் கட்டிக்கொண்டு குசினிக்கும் வாசலுக்குமாக ஓடிப் பார்த்தாள். மணிக்கூடு அசையாமல் கிடந்தது. முதலில் போனில் ஒரு செயலியை இறக்கி, பெயரும் பிறந்த திகதியும் கொடுத்துப் பதிய வேண்டுமாம்.

எங்கள் வீட்டில் போனில் செய்கிற வேலை எல்லாம் மகளுடையதுதான். பெயரைப் போட்டாள், பிறந்த திகதியைப் போட்டாள், உடனே முகம் சுருங்கிவிட்டது. பதின்மூன்று வயதுக்குக் குறைந்தவர்கள் இதில் சேர முடியாது என்று போன் சொல்லிவிட்டது. சின்னப் பிள்ளைகளுக்கென்று வேறு வகை இருக்கிறதாம், தாய் தகப்பனின் கணக்கோடு சேர்த்து நடத்துவதாம். தம்பி அனுப்பியது அந்த வகை இல்லை.

என் கணவர் இதற்கெல்லாம் அலட்டிக்கொள்கிறவர் அல்ல. வருஷத்தை மாற்றிப் போடச் சொல்லிவிட்டு ரீவிக்கு முன்னால் போய் இருந்துவிட்டார். தம்பியிடம் கேட்டால் அவனும் சிரித்துக்கொண்டு அதையேதான் சொன்னான். யாரும் வீட்டுக்கு வந்து வயதைச் சோதிக்கப் போவதில்லையாம். எனக்கும் அதில் பெரிய பாவம் இருப்பதாகப் படவில்லை. பஸ்ஸில் அரை ரிக்கெற் எடுப்பதற்காகப் பிள்ளையின் வயதைக் குறைக்கிற ஊரில், ஒரு மணிக்கூட்டுக்காக வயதைக் கூட்டினால் என்ன குடியா முழுகிவிடும்?

மகள் மாட்டேன் என்றாள். பொய் சொல்லாத பிள்ளையைப் பெற்றிருக்கிறேன் என்று நான் பெருமைப்படத் தொடங்குவதற்குள் காரணத்தைச் சொல்லிவிட்டாள்.

"வயசைப் பாத்துத்தானம்மா இது எல்லாக் கணக்கும் பாக்கும். இருபது எண்டு போட்டா, ஆரோ ஒரு இருபது வயசு அக்காவின்ர கணக்கைத்தான் எனக்குச் சொல்லும். எனக்கு என்ர கணக்கு வேணும்."

வேறு வழியில்லாமல் பெட்டியை அலுமாரிக்குள் வைக்கப் போனேன். எங்கள் ஆட்களின் வீடுகளில் பெண்பிள்ளைக்கு வருகிற நல்ல சாமான்கள் போய்ச் சேருகிற இடம் அதுதான். குழந்தையாக இருந்தபோது போட்ட காப்பு, யாரோ கொடுத்த தோடு, வெளிநாட்டிலிருந்து வந்த சட்டை, எல்லாம் வளர்ந்த பிறகு போடலாம் என்று உள்ளே போகும். வளர்ந்த பிறகு காப்பு கையில் ஏறாது, சட்டை தோளோடு நின்றுவிடும். அந்த அலுமாரியின் குணம் மகளுக்கு நன்றாகத் தெரியும். நான் சாவியைத் திருப்பும்போதே ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். சும்மா கிடந்தால் பற்றரி பழுதாகிவிடும், யாராவது கட்டிக்கொண்டு திரிய வேண்டும் என்று வாதாடினாள்.

"நீங்கள் கட்டுங்கோம்மா. எனக்குப் பதின்மூண்டு வந்தவுடன தந்திரோணும். அதுவரைக்கும் இது உங்கட கையில இருக்கிற என்ர சாமான்."

அப்படித்தான் அந்த நீலப் பட்டி என் மணிக்கட்டுக்கு வந்தது. கடைசித் துளையில்தான் பூட்டியது. என் வயதைக் கேட்டது, கொடுத்தேன், ஒரு மறுப்பும் சொல்லாமல் ஏற்றுக்கொண்டது. கொஞ்சமாவது யோசித்திருக்கலாம் என்று எனக்குள் ஒரு மனவருத்தம்.

எனக்கு ஓர்ஸ் ஹில்லில் உள்ள ஓர் அலுவலகத்தில் வேலை. காலையில் கதிரையில் இருந்தால் மத்தியானச் சாப்பாட்டுக்குத்தான் எழும்புவேன். இரத்தத்தில் சீனி ஏறி, வருத்தம் வாசலில் வந்து நிற்கிறது, நடக்கச் சொல்லி டொக்டர் எத்தனையோ முறை சொல்லிவிட்டார். நான் தலையாட்டிவிட்டு வரும் வழியில் மிக்சர் வாங்கிக்கொண்டு வருகிற ஆள். இப்போது கொஞ்ச நேரம் அசையாமல் இருந்தால் போதும், எழும்பி நடக்கச் சொல்லி மணிக்கூடு கையில் கிறுகிறு என்று அதிரும். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். எங்கள் மேலதிகாரிகூட ஒரு நாளும் என்னை எழும்பி நடக்கச் சொன்னதில்லை. பக்கத்து மேசைக்காரி, பிள்ளையின் பள்ளிக்கூடச் சாமானை எடுத்துக் கட்டிக்கொண்டு வந்தேனா என்று கேட்டாள். ஓம், அவளுடையதுதான் என்று சொல்லிவிட்டு எழும்பித் தண்ணீர்ப் போத்தலை நிரப்பப் போனேன்.

பின்னேரத்தில் மணிக்கூட்டின் சொந்தக்காரி மேற்பார்வைக்கு வருவாள். அம்மா சாமானைக் கல்லில் உரசிவிடுவாள், எங்காவது கழற்றி வைத்துவிட்டு வருவாள் என்று பயம். அதனால் என்னோடு நடக்க வந்தாள். வீட்டிலிருந்து சரிவில் இறங்கி உட்துறைமுக வீதியால் போவோம். தண்ணீருக்கு அந்தப் பக்கம் சீனன்குடா விமானத் தளம். சில நாட்களில் விமானமொன்று தாழப் பறந்து வந்து மரங்களுக்குப் பின்னால் மறையும். நங்கூரம் போட்ட கப்பல்களில் வெளிச்சம் போடத் தொடங்குவார்கள். வீதி திரும்புகிற வளைவில் ஒரு பெரிய வேப்பமரம். அதைக் கண்டதும் மகளுக்குக் கால் நிற்காது, மரத்தைத் தொட்டுவிட்டு ஓடிவருவாள். வந்ததும் கழுத்தில் இரண்டு விரலை வைத்துக்கொண்டு மூச்சு வாங்கியபடி நிற்பாள். மணிக்கூட்டைப் பார்த்து நான் தொடங்கு, நிறுத்து என்று சொல்ல வேண்டும், அவள் தன் நெஞ்சடிப்பை எண்ணுவாள். நேரம் பார்ப்பதற்கு வயதுக் கட்டுப்பாடு இல்லைதானே என்று ஒரு நாள் என்னிடமே நியாயம் கேட்டாள்.

திரும்பும் வழியில் கிண்ணியாக்காரர் ஒருவரின் கச்சான் கடலை வண்டி நிற்கும். எங்களைக் கண்டதும் கடதாசிச் சுருளைச் சுற்றத் தொடங்கிவிடுவார். நடந்ததெல்லாம் வீண் என்று மகள் பொரிந்து தள்ளுவாள், பிறகு பாதிக்கு மேல் அவளே தின்று முடிப்பாள். வீட்டில் கேட்டால் வாய் திறக்காத கதையெல்லாம் அந்த வீதியில்தான் வரும். யாரோடு கோபம், எந்த ரீச்சருக்குத் தன்னைப் பிடிக்கவில்லை, கணக்குப் பாடத்தில் எங்கே விளங்கவில்லை, எல்லாம் சொல்வாள். முகம் பார்க்காமல் பக்கத்தில் நடக்கிற ஆளிடம் சொல்வது லேசு போலும். அந்தப் பின்னேரங்களில் நான் சந்தோசமாக இருந்தேன். டொக்டரும் இரத்தப் பரிசோதனையைப் பார்த்துவிட்டுச் சந்தோசப்பட்டார், நல்ல பெயர் எனக்குக் கிடைத்தது.

பன்னிரண்டு வயதில் மகள் பெரியபிள்ளையானாள். வெருகலில் இருந்து மச்சாள் நல்லெண்ணெயும் ஊர்க்கோழி முட்டையுமாக வந்து இறங்கினார். என் கணவரின் மூத்த அக்கா அவர். தாயில்லாத தம்பியைத் தூக்கி வளர்த்தவர், அவர் சொல்லுக்கு எங்கள் வீட்டில் மறுசொல் கிடையாது. எனக்கும் அவரைப் பிடிக்கும். ஒவ்வொரு வருஷமும் வெருகல் முருகன் கோயிலைத் தாண்டிப் போகும் பாதயாத்திரைக் கூட்டத்தோடு சேர்ந்து கதிர்காமம் வரைக்கும் நடந்து போய் வருகிற மனுஷி. காட்டையும் வெயிலையும் பற்றி அவர் சொல்லக் கேட்டால் விடிய விடியக் கேட்கலாம்.

அந்த மனுஷிதான், சடங்குக்குத் தண்ணீர் வார்த்த பந்தலைப் பிரிப்பதற்கு முன்னாலேயே மகளின் நடைக்குத் தடை போட்டார். பள்ளிக்கூடம், ரியூசன், வீடு, அவ்வளவு போதும் என்றார். நாலு சனம் பார்க்கிற வீதியில் பொழுதுபடுகிற நேரத்தில் குமர்ப்பிள்ளை ஓடுவது சரியில்லை என்றார். நான் கணவரோடு சண்டை பிடித்தேன். அவர் வழக்கம்போல நடுவில் நின்றார், கொஞ்ச நாளைக்கு அக்கா சொல்கிறபடி இருப்போம் என்றார். அந்தக் கொஞ்ச நாள் மாதக் கணக்கில் நீண்டது. எனக்குள்ளும் ஒரு பயம் இருந்தது, இல்லையென்று சொல்ல மாட்டேன். பெண்பிள்ளையைப் பெற்ற யாருக்குத்தான் அது இல்லை?

நான் தனியாக நடந்தேன். அந்த நடை எனக்குப் பிடிக்கவேயில்லை. கச்சான்காரர் சின்னவளை எங்கே காணோம் என்று கேட்பார், படிப்பு என்று சொல்லிவிட்டு வந்துவிடுவேன். வீட்டுக்கு வந்ததும் மகள் என் கையை எடுத்து மணிக்கூட்டைத் திருப்பிப் பார்ப்பாள். இன்றைக்கு வேப்பமரம் வரைக்கும் போகவில்லைப் போல என்று மட்டும் சொல்வாள். ஒரு நாளும் அழவில்லை, அடம்பிடிக்கவில்லை. அதுதான் என்னை வாட்டியது. பதின்மூன்று வந்தால் மணிக்கூடு அவளுக்குக் கிடைத்துவிடும், ஓடுவதற்கு வீதி கிடைக்குமா? வீட்டுக்குள் கட்டிக்கொண்டு இருப்பதற்கு அதை அலுமாரிக்குள்ளேயே வைத்திருக்கலாம்.

பிறந்தநாள் வந்தபோது மச்சாளும் எங்கள் வீட்டில்தான் இருந்தார். மறுநாள் பெரியாஸ்பத்திரியில் அவருக்குக் கண் கிளினிக். பின்னேரம் கேக் வெட்டிய கையோடு நான் மணிக்கூட்டைக் கழற்றினேன். மணிக்கட்டைச் சுற்றி வெயில் படாத ஒரு வெள்ளை வளையம் தெரிந்தது. மகள் செயலியிலிருந்து என்னை அழித்துவிட்டுத் தன் பெயரைப் போட்டாள். பிறந்த திகதியைப் போட்டாள், அதே நாள், அதே மாதம், அதே வருஷம். நாங்கள் எல்லாரும் போனையே பார்த்துக்கொண்டு நின்றோம். அது ஒன்றும் சொல்லவில்லை, உள்ளே விட்டுவிட்டது. மகள் மணிக்கூட்டைக் கட்டிக்கொண்டு அறைக்குள் போனாள். திரும்பி வரும்போது காலில் ஓடுவதற்குப் போடுகிற சப்பாத்து.

மச்சாள் கதிரையில் இருந்து உள்ளிப்பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். எங்கே வெளிக்கிடுகிறாள் என்று என்னைக் கேட்டார். துறைமுகப் பக்கம், என்னோடுதான் என்றேன். இவ்வளவு வளர்ந்த பிறகு என்ன ஓட்டம் என்றார். கணவர் ரீவியின் சத்தத்தைக் குறைத்தார். நான் மாதக் கணக்கில் சேர்த்து வைத்திருந்த பேச்சைத் தொடங்க வாயெடுத்தேன். அதற்குள் மகள் மச்சாளுக்கு முன்னால் போய் நின்றாள். குரலில் துடுக்கு இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

"மாமி, மூண்டு வருஷமா இது எனக்கு வயசு காணாது எண்டு சொல்லிச்சு. இண்டைக்குத்தான் விட்டிருக்கு. நீங்கள் வயசு கூடிற்றுது எண்டு சொல்லுறீங்கள். எனக்கு எப்பதான் மாமி சரியான வயசு?"

மச்சாள் கோபிக்கப் போகிறார் என்று நினைத்தேன். அவர் மகளைப் பார்க்கவில்லை, அவளுடைய சப்பாத்தைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னார்.

"கதிர்காமம் போற சாமிமார் எங்கட வாசலாலதான் போவினம். உன்ர வயசில நானும் போகக் கேட்டனான். பெரியபிள்ளை, ஏலாது எண்டவை. கலியாணம் முடியட்டும் எண்டவை. பிறகு பிள்ளையளைக் கட்டிக் குடுத்திட்டுப் போ எண்டவை. கடைசியா என்னைப் போகவிடேக்க எனக்கு அம்பத்தாறு வயசு."

அவருடைய யாத்திரைக் கதைகளை எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். இந்தப் பகுதியை அவர் ஒரு நாளும் சொன்னதில்லை. கணவரும் அன்றுதான் கேட்டிருப்பார், அக்காவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மச்சாள் உள்ளித் தட்டைத் தன் தம்பியின் மடியில் வைத்துவிட்டு எழும்பிச் சேலைத் தலைப்பைச் செருகினார். இருட்டுவதற்குள் திரும்ப வேண்டும், தானும் வருகிறேன் என்றார். எங்கள் வீட்டில் உள்ளி உரித்துப் பழக்கமில்லாத ஆள் என் கணவர், அன்றைக்கு மீதியை அவர்தான் உரித்து முடித்தார்.

துணைக்கு வந்த மச்சாளுக்கு ஈடுகொடுத்து என்னால் நடக்க ஏலவில்லை. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு அவர் விறுவிறு என்று முன்னால் போனார். நான் மூச்சு வாங்கிக்கொண்டு பின்னால் போனேன், வெறுங்கை ஊஞ்சல் மாதிரி லேசாக ஆடியது. கச்சான்காரர் மூன்று சுருள் சுற்றத் தொடங்கினார். வேப்பமரம் தெரிந்ததும் மகள் ஒரு முறை திரும்பி எங்களைப் பார்த்தாள். பிறகு ஓடினாள். அவளுக்கு எவ்வளவு உயரமாகிவிட்டது என்பதை அந்த ஓட்டத்தில்தான் கண்டேன். கண் கலங்கிவிட்டது, வெட்கப்பட என்ன இருக்கிறது.

திரும்பி வந்து மூச்சிரைக்க நின்றவள், பழக்கம் விடாமல் கழுத்தில் விரலை வைத்து எண்ணினாள். பிறகு மணிக்கூட்டைப் பார்த்தாள். இரண்டும் ஒத்துப்போனது என்று பல்லெல்லாம் தெரியச் சிரித்தாள். மச்சாள் அவளுடைய கையைப் பிடித்து, அந்தச் சின்னக் கண்ணாடியைத் தன் மங்கிய கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோய்ப் பார்த்தார்.

"இது எத்தினை வயசு வரைக்கும் விடும்?"

"அதுக்கு மேல எல்லை இல்லை மாமி. ஒருக்கா விட்டா விட்டதுதான்."

மச்சாள் பட்டியின் கொக்கி இறுக்கமாக இருக்கிறதா என்று விரலால் இழுத்துப் பார்த்தார்.

"அப்ப கழட்டாத," என்றார்.