பழைய டைம்

நான் நன்றாகத் தூங்குகிறவன். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பதினாலு வயதில் வீட்டில் எனக்குக் கும்பகர்ணன் என்று பேர். எட்டு மணிக்குச் சாப்பிட்டுக் கையைத் துடைத்தால் பாயில் விழுவேன். காலையில் அம்மா வந்து காலைப் பிடித்து இழுத்தால்தான் எழுந்திருப்பேன். இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. வளர்கிற பிள்ளை தூங்கத்தான் செய்யும். நான் வெட்கப்படுவது இன்னொருவனுடைய தூக்கத்தைப் பற்றி.

எங்கள் வீடு செஞ்சிக் கடைவீதியைத் தாண்டி, நிலத்தை ஒட்டி இருந்தது. கொல்லைப்புறம் இறங்கி நாலு வரப்பு போனால் கிணறு. அது எங்களுக்கும் நைனாவின், அதாவது என் அப்பாவின், பங்காளிகளுக்கும் பொதுக் கிணறு. தை பிறந்தால் தண்ணீர் கீழே போய்விடும். பகலெல்லாம் ஊறவிட்டு இரவில்தான் இறைக்க முடியும். பொழுது சாய்ந்ததிலிருந்து இரண்டு மணி வரை அவர்கள் முறை. இரண்டிலிருந்து ராஜகிரி மலை உச்சியில் வெயில் விழுகிற வரை எங்கள் முறை. வெயில் விழுந்துவிட்டால், பாதி ஏறிய தண்ணீரைக்கூட ஊற்றாமல் இறக்கிவிட வேண்டும் என்று பங்காளிகள் சண்டைக்கு வருவார்கள். அப்பேர்ப்பட்ட பாசம்.

இறைப்பது கவலையில், மாடு கட்டி இழுக்கிற இறைவையில். மாட்டை இறக்கத்தில் ஓட்டினால் வடக்கயிறு இழுபட்டு, சால் என்கிற பெரிய வாளி நிறைய தண்ணீர் மேலே வந்து வாய்க்காலில் கொட்டும். பிறகு மாட்டைப் பின்னாலேயே நடத்தி மேட்டுக்குக் கொண்டுவர வேண்டும். ஓட்டுகிறவன் இறங்கும்போது வடத்தின் மேல் உட்கார்ந்து தன் கனத்தையும் கொடுப்பான். தூங்கி விழுந்தால் மாட்டுக் காலடியில் விழ வேண்டியதுதான்.

எங்களுக்குக் கவலை ஓட்டியவர் எங்கள் பண்ணையாள். அந்தத் தையில் மாடு மிதித்து அவருக்குக் கால் வீங்கிப் போயிற்று. அவருக்குப் பதிலாக அவர் மகன் வந்தான். மடை திருப்ப அவன் அம்மா வந்தாள். அந்த மகன் என் வகுப்பில் படித்தான். நாலாம் பாரம், இப்போதைய ஒன்பதாம் வகுப்பு. அவர்கள் தெருவிலிருந்து அவ்வளவு தூரம் படித்து ஏறியவன் அவன் ஒருவன்தான்.

அவன் தூக்கத்தைக் கணக்குப் போடுவது சுலபம். ஸ்கூல் விட்டதும் எங்கள் மாட்டுக்குப் புல் அறுத்துப் போட்டுவிட்டு, கஞ்சி குடித்துப் படுக்க ஒன்பது ஆகும். இரண்டு மணிக்குக் கவலை. ஆக ஐந்து மணி நேரம். மத்தியானம் வகுப்பில் அவன் தலை தொங்கும், வாத்தியார் பெஞ்சு மேல் ஏற்றுவார், பெஞ்சு மேல் நின்றபடியும் தூங்குவான், நாங்கள் சிரிப்போம். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசையில் முட்டி போட்டவன் அப்படியே தூங்கிவிடுவான் என்று அவன் தெருப் பையன்கள் சொல்லுவார்கள். எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தவன் நான். அவன் எங்கள் வீட்டுக் கவலையை ஓட்டிவிட்டுத்தான் வருகிறான் என்று வகுப்பில் தெரிந்தவனும் நான் ஒருவன்தான்.

ஓட்டுகிறவர்கள் தூக்கம் வராமல் இருக்கப் பாட்டுப் பாடுவார்கள். இவன் பாடத்தைச் சொல்லுவான். மாடு இறங்கும்போது ஒரு வரி, பின்வாங்கும்போது ஒரு வரி. விடியற்காலையில் புரண்டு படுத்தேன் என்றால் காவிரி எங்கே பிறக்கிறது, எந்தெந்த ஜில்லா வழியாகப் போகிறது என்று கிணற்றடியிலிருந்து கேட்கும். அப்போது எங்கள் கூடத்துக் கடிகாரம் நாலு அடிக்கும். போர்வையை இழுத்துக்கொண்டு மறுபடி தூங்குவேன். அந்தத் தூக்கம் மாதிரி ருசியான தூக்கம் வேறு கிடையாது.

அந்தக் கடிகாரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது ஜெர்மனி, ஜப்பான் சண்டைக்காலம். சர்க்கார் எல்லாக் கடிகாரத்தையும் ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைக்கச் சொல்லியிருந்தது. ஸ்கூல், தபாலாபீஸ், பஸ் எல்லாம் புது டைமுக்கு மாறிவிட்டன. நைனா மட்டும் மாறவில்லை.

"சூரியனுக்கு யார்னா தந்தி அடிச்சாங்களா?" என்பார். "இன்னைக்கு முள்ளத் தள்ளி வெச்சா, நாளைக்கே அவனுங்க ஒரு மணி நேரத் தண்ணி போச்சுன்னு கம்ப தூக்கிக்கினு வருவானுங்க."

அதனால் எங்கள் கூடத்திலும் கிணற்றிலும் பழைய டைம். வாசலைத் தாண்டினால் புது டைம். எங்கள் வீட்டில் நாலு அடித்தால் ஊரில் ஐந்து. வெளியே சொன்னால் சர்க்கார் உத்தரவை மீறுகிறவன் என்று பேர் வரும் என்பதால் யாரும் சொல்லிக்கொள்வதில்லை.

மாசியில், ஸ்கூலுக்கு ஒரு கடிதம் வந்தது. திண்டிவனத்தில் ஒரு விடுதி. நிலமில்லாத குடும்பத்துப் பிள்ளைகளை இலவசமாகச் சேர்த்து, பள்ளிப் படிப்பை முடிக்க வைப்பார்கள். ஒரு ஸ்கூலுக்கு ஒரு பையன். வகுப்பு வாத்தியார் நடத்தைக்கு நற்சாட்சி கொடுக்க வேண்டும். எங்கள் வகுப்பில் அவனை விட்டால் ஆள் இல்லை. விடுதியில் ஒன்பது மணிக்கு விளக்கை அணைத்து ஐந்தரைக்குத்தான் எழுப்புவார்களாம் என்று அவன் என்னிடம் ஒருநாள் சொன்னான். சோறு போடுவதைப் பற்றி அவன் சொல்லவில்லை. எட்டரை மணி நேரம் என்று விரல் விட்டு எண்ணிக் காட்டினான்.

அதே மாதம் சுகாதாரப் பாடம் வந்தது. உங்கள் வயதில் ஒன்பது மணி நேரமாவது தூங்க வேண்டும் என்று சார் நடத்தினார். பிறகு, ஒரு வாரம் எத்தனை மணிக்குப் படுத்தீர்கள், எத்தனை மணிக்கு எழுந்தீர்கள், எழுந்து என்ன செய்தீர்கள் என்று நோட்டில் எழுதி வரச் சொன்னார். நடத்தையை அறிய அவருக்கு அது ஒரு வழி. பொல்லாதவர் இல்லை, எழுத்தில் இருப்பதை நம்புகிறவர், அவ்வளவுதான்.

நான் என்ன எழுதினேன் தெரியுமா? 'காலை ஐந்து மணி: எழுந்து பூகோளம் படித்தேன்.' ஏழு நாளும் அதே. ராத்திரி பத்துக்குப் படுத்ததாகவும் ஒரு வரி. எங்கள் வீட்டு மணி நாலு, ஸ்கூல் கணக்குக்கு ஐந்து என்று மாற்றி எழுத மட்டும் எனக்குப் புத்தி வேலை செய்தது. கிணற்றடியில் ஒருவன் படித்ததைப் போர்வைக்குள் கிடந்து கேட்டுவிட்டு, அதை என் பேரில் எழுதிக்கொண்டேன்.

அவனுக்கு வீட்டில் கடிகாரம் கிடையாது. கிணற்றடியில் எங்கள் கடிகாரம் அடிப்பது கேட்கும். அதை வைத்து உள்ளபடி எழுதினான். 'இரண்டு மணி: கவலை பூட்டினேன். ஆறரை மணி: விட்டேன்.' மாற்றி எழுத வேண்டும் என்று அவனுக்குத் தோன்றவில்லை. எனக்குத் தோன்றியது, நான் அவனுக்குச் சொல்லவில்லை.

திங்கட்கிழமை சார் என் நோட்டை எடுத்து வகுப்புக்கே வாசித்தார். "விடியற்காலை படிக்கிற பிள்ளை. பாத்துக்கோங்கடா" என்றார். எனக்கு உள்ளம் குளிர்ந்தது. அடுத்து அவன் நோட்டை எடுத்தார். புருவம் சுருங்கியது.

"நேத்து ஆறரைக்குக் கவலையை விட்டேன்னு எழுதியிருக்கே."

"ஆமா சார்."

"நேத்துக் காலையில அந்த வழியாத்தான் நடந்து போனேன். என் வாட்சுல ஏழேகால். நீ வடத்து மேல உட்கார்ந்து ஓட்டிக்கிட்டிருந்தே. என் கண்ணால பார்த்தேன்."

அவன் விழித்தான். பிறகு அவனுக்கே விளங்கியிருக்க வேண்டும். "அவங்க வூட்டு மணி வெச்சி எழுதினேன் சார்" என்று என் பக்கம் கையைக் காட்டினான். "அது..."

"மணி எல்லார் வீட்டுலயும் ஒண்ணுதான். பொழுது விடிஞ்சப்புறம் எழுந்து போய் ஓட்டிட்டு, ரெண்டு மணியிலிருந்து ஓட்டுறேன்னு எழுதினா, வகுப்புல தூங்குறதுக்குச் சாக்காச்சு. இல்லையா?" சார் என்னிடம் திரும்பினார். "உங்க வீட்டுக் கடிகாரம் சரியா ஓடுதா?"

முப்பது தலைகள் என்னைப் பார்த்தன. அவனும் பார்த்தான். 'எங்கள் வீட்டில் பழைய டைம் சார்.' ஒரு வாக்கியம். சொல்லியிருந்தால் சார் விரல் விட்டு ஒரு மணியைக் கூட்டிப் பார்த்திருப்பார், ஆறரை ஏழரை ஆகியிருக்கும், முடிந்திருக்கும். ஆனால் அடுத்து, அப்படியானால் அவன் ராத்திரியெல்லாம் ஓட்டுவது உனக்குக் கேட்டதா என்று கேட்பார், அவன் பூகோளம் சொல்லிக்கொண்டே ஓட்டுவது வெளியே வரும். அதற்கு அடுத்து என் நோட்டுக்கு வருவார். பதினாலு வயதில் இவ்வளவு தூரம் யோசிக்க எனக்கு ஒரு நொடிகூட ஆகவில்லை. பொய்யனுக்கு மூளை நன்றாக வேலை செய்யும்.

"சரியாதான் ஓடுது சார்."

அது பொய்கூட இல்லை. கடிகாரம் சரியாகத்தான் ஓடியது. இந்த சாமர்த்தியத்தை நினைத்தால்தான் இன்றைக்கும் எனக்கு என் மேல் காறித் துப்பத் தோன்றுகிறது.

"அஞ்சு மணிக்குப் படிக்கிறியே, அப்ப கவலை ஓடுற சத்தம் கேக்குமா?"

"கவனிக்கல சார்."

அவனுக்கு ஆறு அடி. தூங்கினதற்கு இல்லை, பொய் எழுதினதற்கு. வடம் பிடித்துக் காய்த்துப்போன கை. இரண்டாவது அடியிலேயே ஒரு கொப்புளம் உடைந்தது. அவன் கையை இழுத்துக்கொள்ளவில்லை, அழவும் இல்லை. என்னையும் பார்க்கவில்லை. அடித்து முடித்த சார் நாற்காலியில் உட்கார்ந்து, "இவனுக்கு நற்சாட்சி நான் எப்படி எழுதுறது?" என்று தனக்குத்தானே சொல்வதுபோல் சொன்னார். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்களே, அது என் கண்ணெதிரே நடந்தது. நான் மூக்கைச் சொறிந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் விடியற்காலை, என் வாழ்நாளில் முதல் தடவையாக, யாரும் எழுப்பாமல் விழித்தேன். கூடத்தில் நாலு அடித்தது. சால் கொட்டுகிற சத்தம் கேட்டது. பாடம் சொல்லுகிற சத்தம் கேட்கவில்லை. அதற்கு மேல் படுத்திருக்க முடியவில்லை. எழுந்து வரப்பு மேல் நடந்து போனேன். அவன் கையில் துணி சுற்றியிருந்தான். தூரத்தில் வாய்க்காலோரம் அவன் அம்மா மண்வெட்டியோடு நின்றிருந்தாள்.

"இன்னாத்துக்கு இந்நேரத்துல வந்தீங்க?" என்றான். ஸ்கூலில் என்னை நீ என்பான், கிணற்றடியில் நீங்க.

"இன்னைக்கு சார் கிட்ட சொல்லிடறேன்."

மாடு இறங்கியது. வடத்தின் மேல் உட்கார்ந்து போய், சால் தண்ணீரை ஊற்றிவிட்டு, மாட்டைப் பின்னாலே நடத்திக்கொண்டு மேட்டுக்கு வந்தான். நான் நின்ற இடத்திலேயே நின்றேன்.

"இன்னா சொல்லுவீங்க?"

"எங்க வூட்டு மணி பழைய டைம்னு."

"அப்ப உங்க நோட்டு?"

வகுப்பில் சார் வாசித்தபோதே அவனுக்குத் தெரிந்திருக்கிறது. ஐந்து மணிக்குப் பூகோளம் படித்தது யார் என்று தெரிந்துகொண்டே ஆறு அடியையும் வாங்கியிருக்கிறான். அவன் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நானும் மாட்டியிருப்பேன். ஏன் சொல்லவில்லை என்று நான் கேட்கவில்லை. கேட்க வேண்டியதில்லை. அவன் அப்பா கால் வீங்கிப் படுத்திருந்தார், அந்த வீட்டுக் கஞ்சி எங்கள் களத்திலிருந்து போய்க்கொண்டிருந்தது.

மாடு மறுபடி இறங்கி, மறுபடி ஏறியது. நான் அங்கேயே நிற்பதைப் பார்த்துவிட்டு, கோபமே இல்லாமல் சொன்னான்:

"போயி படுங்க. காலைல ஸ்கூல் இருக்குதுல்ல."

அன்றைக்கு நான் சாரிடம் சொல்லவில்லை. நாளைக்குச் சொல்லலாம் என்றிருந்தேன். நாளைக்கு சாருக்குத் தலைவலி, அதற்கு மறுநாள் வகுப்பில் ஆள் அதிகம். இப்படியே மாசம் முடிந்தது. விடுதிக்கு எங்கள் ஸ்கூலிலிருந்து அந்த வருஷம் யார் பேரும் போகவில்லை. அவன் பரீட்சை எழுதித் தேறினான். ஜூனில் ஸ்கூல் திறந்தபோது அவன் பெஞ்சில் வேறொருவன் உட்கார்ந்திருந்தான். அவன் அப்பாவின் கால் சரியாகவே இல்லை. கவலை அவனுக்கே நிலைத்துவிட்டது. நான் படித்து, வேலைக்குப் போய், செஞ்சியை விட்டுக் கிளம்புகிற வரை அவன்தான் எங்கள் மாட்டை ஓட்டினான். அந்த வருஷங்களில் எங்களுக்குள் தண்ணீர், மாடு, மழை பற்றிப் பேச்சு உண்டு. அந்தத் திங்கட்கிழமையைப் பற்றி இல்லை.

சில இடங்களில் இந்தக் கதையைச் சொல்லியிருக்கிறேன். சொல்லும்போதெல்லாம், அவன் போய்ப் படுங்க என்றானா, அன்று விடிகிற வரை நான் கண் மூடவில்லை என்று முடித்திருக்கிறேன். கேட்டவர்கள் எனக்காக வருத்தப்பட்டிருக்கிறார்கள். அதுவும் பொய். அவன் அப்படிச் சொன்னதும் எனக்கு வந்தது நிம்மதி. விட்டால் போதும் என்று வரப்பு மேல் வேகமாக நடந்து வந்தேன். பாய் இன்னும் சூடாக இருந்தது. போர்வையை இழுத்துக்கொண்டேன். அம்மா வந்து காலைப் பிடித்து இழுக்கிற வரை தூங்கினேன்.