பேடுகளுக்குப் போட்ட பயறு

ஐப்பசி மழை தொடங்கினால் என் கணவர் புறாச் சோடிகளைப் பிரித்துவிடுவார். சேவல்கள் ஒரு கூட்டில், பேடுகள் இன்னொரு கூட்டில். தை பிறந்து வெயில் ஏறும்வரை அப்படித்தான் இருக்கும். மழைக்குள் பொரிக்கும் குஞ்சு தேறாது, ஓய்வில்லாமல் முட்டையிட்டால் தாயும் உருக்குலைந்துவிடும் என்பார். தபால் கந்தோர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, சண்டிலிப்பாயில் எங்கள் வீட்டுப் பின்வளவில் அவரே பலகை அறுத்துக் கட்டிய கூடுகள் அவை. நான் அந்தப் பக்கம் அதிகம் போனதில்லை. அந்த மணம் எனக்கு ஒத்துவராது.

அந்த வருடமும் பிரித்தார். பத்தாம் நாள் காலை கிணற்றடியில் விழுந்தார். பாரிசவாதம். வலப்பக்கம் முழுவதும் போய்விட்டது, பேச்சும் போய்விட்டது. மூன்று கிழமை ஆஸ்பத்திரியில் கிடந்து வீட்டுக்கு வந்தபோது அவரிடம் ஒரு சொல்தான் மிஞ்சியிருந்தது. "ஓம்." பசிக்குதோ என்றாலும் ஓம். நோகுதோ என்றாலும் ஓம். நோகேல்லையோ என்றாலும் ஓம்.

பிள்ளைகள் இருவரும் வெளிநாட்டில். ஆக, அவரும் நானும் புறாக்களும்தான். பின்வளவைப் பார்த்த யன்னலோரம் அவருடைய கட்டிலைப் போட்டேன். கூடுகள் தெரிந்தால் மனம் ஆறும் என்று நினைத்தேன்.

விழுவதற்கு முன் அவர் நாளுக்கு ஒரு தரம் ஒரு பேணி நெல்லும் கொஞ்சம் சோளமும்தான் கொண்டுபோவார். அது எனக்குத் தெரியும். குஞ்சு எடுக்கிற மாதங்களில் பயறு, கடலை, கவுப்பி எல்லாம் கலந்து போடுவதையும் கண்டிருக்கிறேன். ஏன் அப்படி, ஏன் இப்படி என்று ஒருநாளும் கேட்டதில்லை. இப்போது நான் பேணியோடு போனால் புறாக்கள் கம்பிவலையில் வந்து மோதின. ஒன்றின்மேல் ஒன்று ஏறின. நெல் போட்டால் ஒரு நொடியில் முடித்துவிட்டு மறுபடியும் என் கையைப் பார்த்தன.

"இஞ்சாருங்கோ, புறாக்களுக்குப் பயறும் கலந்து போடட்டோ?" என்று அவரிடம் கேட்டேன்.

"ஓம்."

"நெல்லு மட்டும் போட்டால் காணுமோ?"

"ஓம்."

நான் முதல் ஓமை எடுத்துக்கொண்டேன். எனக்கு வேண்டியிருந்தது அதுதான்.

உண்மையைச் சொன்னால், அந்த நாட்களில் என் கையால் எதுவும் சரிவரவில்லை. அவருக்குக் கஞ்சி பருக்கினால் பாதி கடைவாயால் வழியும். எண்ணெய் பூசி நீவிவிட்ட கை அப்படியே கிடக்கும். புறாக்கள் மட்டும் நான் போட்டதைத் தின்று தேறின. இறகு மினுங்கியது. கழுத்து தடித்தது. காலையும் பின்னேரமும் போடத் தொடங்கினேன். பேணியை நிரப்பிப் போட்டேன்.

மார்கழியில் ஒருநாள் பேடுகளின் கூட்டு மூலையில் இரண்டு முட்டைகள் கிடந்தன. மறுநாள் வேறொரு மூலையிலும் இரண்டு. சேவல் இல்லாத கூட்டில் முட்டை எப்படி வந்தது என்று யோசிக்கக்கூட இல்லை. ஒன்றை உள்ளங்கையில் வைத்து அவரிடம் ஓடினேன்.

"பாருங்கோ, முட்டை விட்டிருக்கு!"

அவர் முட்டையைப் பார்த்தார். ஓம் என்று சொல்லவில்லை. கழுத்து நரம்பு புடைக்க "அ… அ…" என்று எதையோ வெளியே தள்ளப் பார்த்தார். பிறகு இடக்கையால் கட்டிலில் ஓங்கி அடித்தார். அவருக்குச் சந்தோஷம் என்று நான் நினைத்தேன். இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது. சந்தோஷம் என்றுதான் நினைத்தேன்.

அடுத்த கிழமை ஒரு வெள்ளைப் பேடு மூலையில் உப்பிக்கொண்டு இருந்தது. வாலைத் தாழ்த்தித் தாழ்த்தி முக்கியது. தண்ணீர் வைத்தேன், பயறு வைத்தேன், தொடவில்லை. மறுநாள் மத்தியானம் கணவருடைய கூட்டாளிக்குப் போன் எடுத்தேன். அவர் யாழ்ப்பாணம் டவுனில் இருக்கும் முஸ்லிம் மனிதர், கணவரோடு வருடக்கணக்காகப் புறா மாற்றிக்கொள்பவர். மழையோடு மோட்டார்சைக்கிளில் வந்தார். வந்ததும் முதலில் கட்டிலருகே போய் நின்று, "அண்ணை, நான் வந்திட்டன், நான் பாக்கிறன்" என்றார். பிறகுதான் கூட்டுக்குப் போனார்.

சுடுதண்ணீர் கேட்டார், நல்லெண்ணெய் கேட்டார். பேட்டின் அடிவயிற்றை விரலால் மெல்ல நீவினார். "முட்டை அடைச்சுப் போச்சு அக்கா" என்றார். கொஞ்ச நேரத்தில் அது அவர் கையிலேயே தலையைத் தொங்கப் போட்டது. அதைத் துவாயில் சுற்றி வைத்துவிட்டு, மற்றப் பேடுகளை ஒவ்வொன்றாகப் பிடித்து நெஞ்செலும்பைத் தடவினார். தீன் வாளிக்குள் கையை விட்டு அள்ளிப் பார்த்தார்.

"பயறு போடச் சொல்லி ஆர் சொன்னது அக்கா?"

"அவர்தான்… ஓமெண்டவர்."

கூட்டாளி கையிலிருந்த பயற்றை வாளிக்குள் கொட்டினார். "இது இளைப்பாற விடுற காலம். நெல்லைப் போட்டு மெலிவா வச்சிருக்கவேணும். பயறும் கடலையும் கண்டால் குஞ்சு எடுக்கிற காலம் வந்திட்டுதெண்டு நினைச்சு, சேவல் இல்லாமலே முட்டை விடும். உள்ளுக்கெல்லாம் கொழுப்பு. முட்டை இறங்காது."

"பசியிலை கிடக்குதுகள் எண்டு நினைச்சன்."

"இந்த மாதங்களிலை கொஞ்சம் பசிக்கத்தான் வேணும் அக்கா."

அன்றோடு பயற்றை நிறுத்தினேன். அப்படியும் இன்னும் இரண்டு பேடுகள் அதேபோலச் செத்தன. என் கணவர் வருடக்கணக்காகத் தெரிந்தெடுத்து வளர்த்த தாய்ப்புறாக்கள். தோடைமரத்தடியில் குழி வெட்டித் தாட்டேன். அதன் பிறகு வாளியோடு போய்க் கூட்டடியில் அப்படியே நின்றுவிடுவேன். எவ்வளவு போட்டால் பட்டினி, எவ்வளவு போட்டால் சாவு என்று தெரியவில்லை. கூட்டாளிக்கு மறுபடியும் போன் எடுத்து, எல்லாவற்றையும் கொண்டுபோகச் சொன்னேன்.

"அண்ணையிட்டைக் கேட்டனீங்களோ?"

"கேட்டால் ஓமெண்டுதான் சொல்லுவார்."

"தொண்ணூறிலை யாழ்ப்பாணத்து முஸ்லிம் சனம் எல்லாரையும் இயக்கம் ஊரைவிட்டு வெளிக்கிடச் சொன்ன நேரம் வாப்பா புறாக்கூட்டைத் திறந்து விட்டிட்டு வந்தவர். அதுகளுக்கு ஆர் தீன் போட்டதெண்டு சாகுமட்டும் கேட்டுக்கொண்டே இருந்தவர். இதுகளை நான் பாப்பன் அக்கா" என்றார்.

கூடைகளோடு வந்தார். புறாக்களைப் பிடிக்கப் பிடிக்க இறகடிக்கும் சத்தம் கேட்டது. யன்னலோரம் என் கணவர் அந்த "அ… அ…" சத்தத்தைப் போட்டார். கட்டில் சட்டத்தில் அடித்தார். நான் போய் யன்னலைச் சாத்தினேன். கூட்டாளி போகும்போது உள்ளே வந்து அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். என் கணவர் அழுதார். முகத்தின் ஒரு பக்கம்தான் அழுதது.

அன்று பின்னேரத்திலிருந்து அவர் வாய் திறக்கவில்லை. கரண்டியை உதட்டில் வைத்தால் பல்லைக் கடித்துக்கொண்டார். கெஞ்சிப் பார்த்தேன், கோபித்துப் பார்த்தேன், மன்னிப்பும் கேட்டேன். மூன்றாம் நாள் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன்.

"விழுங்க ஏலாமல் இருக்கோ, இல்லாட்டி வேண்டாமெண்டு இருக்கிறாரோ?" என்று அங்கே இருந்த டொக்டர் கேட்டார்.

தெரியாது என்றேன். எனக்குத் தெரியும்.

மூக்கு வழியாக ரியூப் போட்டார்கள். இப்போது வீட்டில் மூன்று மணித்தியாலத்துக்கு ஒரு தரம் பாலும் சூப்பும் அதற்குள் விடுகிறேன். அவர் முகட்டைப் பார்த்தபடி கிடக்கிறார். என்ன செய்தாலும் என் பக்கம் கண்ணைத் திருப்புவதில்லை. போன கிளினிக்கில், பாரிசவாதம் கண்ணையும் பாதித்துவிட்டதா என்று டொக்டரிடம் கேட்டேன். வெளிச்சம் அடித்துப் பார்த்தார். விரலை அசைத்துப் பார்த்தார்.

"பார்வை நல்லாத்தான் இருக்கு" என்றார்.