சிகரமில்லை என்று கை தூக்கினேன்

தேனியில் எங்கள் மலையேற்றக் குழுவிடம் இருபது சிகரங்கள் கொண்ட ஒரு பட்டியல் இருந்தது. மார்க்கையன்கோட்டையில் டிராக்டர் மெக்கானிக்காக இருக்கும் என் நண்பர்தான் அதை முதலில் ஏறி முடித்தார். எனக்கு ஒன்று பாக்கி இருந்தது.

அடுத்த கூட்டத்தில் ஒரு புதிய விதி வந்தது. ஓர் உச்சிக்கும் பக்கத்து உச்சிக்கும் நடுவே நூறு மீட்டராவது பள்ளம் இருந்தால்தான் அது தனிச் சிகரம். இல்லாவிட்டால் அது பெரிய மலையின் தோள். அந்தக் கணக்கில் அடிபட்டது எனக்குப் பாக்கியிருந்த சிகரம். அதற்குப் பதிலாகச் சேர்த்த சிகரத்தில் நான் என்றோ ஏறியிருந்தேன், நண்பர் ஏறியதில்லை. இப்போது அங்கே போக வனத்துறை யாரையும் விடுவதில்லை.

நண்பர் என்னைப் பார்த்துக் கேட்டார்: "அண்ணே, போன மாசம் நீங்களும் எங்கூட அங்கன வந்தீக. முட்டி வலிக்குதுன்னு பாதியில எறங்குனீக. அப்ப அது சிகரமாத்தான இருந்துச்சு?"

"அளந்து பாத்துத்தான தம்பி சொல்றாக," என்றேன்.

விதிக்கு ஆதரவாக நானும் கை தூக்கினேன். புதிய பட்டியலை முடித்த முதல் ஆள் என்று எனக்குச் சால்வை போட்டார்கள். நண்பரும் வந்து கை தட்டினார். அதன்பிறகு குழுவுக்கு வரவே இல்லை.

அளவில் தப்பில்லை. வரைபடத்தை நானே இரண்டு முறை சரிபார்த்தேன். ஆனால் நான் கை தூக்கியது அதற்காக இல்லை.