உப்புக் காற்று என்றார் இஞ்சினியர்

தாழ்வுபாட்டில் எங்களுக்குக் கட்டிக்கொடுத்த மீள்குடியேற்ற வீட்டின் மேல் முதல் மழையோடேயே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. முகாமில் தறப்பாள் கூடாரத்துக்குக் கீழே நன்றாக மூச்சுவிட்ட என் மகளுக்கு, சீமெந்து வீட்டுக்குள் வந்ததும் இழுப்பு. அலுமாரியை நகர்த்தினால் சுவர் முழுக்கக் கறுப்புப் பூஞ்சணம். துடைத்தால் கிழமைக்குள் திரும்பி வந்து நிற்கும்.

"அது உப்புக் காத்து அம்மா. கடற்கரையிலை எல்லா வீட்டிலையும் இருக்கும்," என்றார் வீடு கட்டுவித்த இஞ்சினியர். சொன்னவர் வாசற்படியைத் தாண்டவில்லை. அதைக் கவனித்துக்கொண்டேன்.

விடாமல் வீடமைப்புக் கந்தோருக்கு முறைப்பாட்டோடு அலைந்தேன். பூஞ்சணம் வீட்டுக் காற்றில் நஞ்சு கலக்கிறதா என்று பார்க்க ஒரு பெண் அதிகாரி வருவாராம். அடைபட்ட காற்றைத்தான் அவர் கொண்டுவரும் இயந்திரம் உறிஞ்ச வேண்டுமாம், வருவதற்கு முதல் நாளே யன்னல்களைப் பூட்டச் சொன்னார்கள். பூட்டினேன். காலையில் கிணற்றடியால் வந்து பார்த்தால், என் மனுசன் எல்லா யன்னலையும் திறந்துபோட்டுச் சாம்பிராணி பிடித்துக்கொண்டு நிற்கிறார், சுவாமியார் வீடு மந்திரிக்க வருகிற மாதிரி!

"உங்களுக்கென்ன விசரோ?"

"ஆக்கள் வரேக்கை வீடு மணக்க வேண்டாமே? இஞ்சினியரும் போன் எடுத்துச் சொன்னவர், நல்லாத் திறந்து வையுங்கோ எண்டு."

சாம்பிராணித் தட்டை அவர் கையிலிருந்து பறித்தேன்.

அதிகாரி வந்ததும் புகைக்கு மூக்கைச் சுளித்தார். பின்னாலேயே இஞ்சினியர். "வந்தது வந்தாச்சு, காத்தை எடுங்கோ மிஸ்," என்று அவசரப்படுத்தினார்.

நான் வாசலை மறித்தேன். "எடுக்க வேண்டாம் மிஸ். இவர்தான் யன்னலைத் திறக்கச் சொன்னவராம். ஏனெண்டு கேளுங்கோ."

இஞ்சினியர் முற்றத்துப் பூவரசைப் பார்த்தார். அதிகாரி தானே யன்னல்களைச் சாத்தினார். "நாளைக்கு வாறன்."

மறுநாள் அவர் முகமூடி போட்டுக்கொண்டு மகளின் அறைக்குள் போனார். வெறும் உப்புக் காற்றுக்கு முகமூடி எதற்கு? இயந்திரம் இரைந்தது. அன்றும் வந்து வாசலில் நின்ற இஞ்சினியருக்குத் தேத்தண்ணி ஊற்றி, மகளின் கட்டிலடியில் வைத்துவிட்டுக் கூப்பிட்டேன். "உள்ளை வந்து இருந்து குடியுங்கோ சேர். உப்புக் காத்துத்தானே."

"பரவாயில்லை அம்மா. இஞ்சை நிண்டு குடிக்கிறன்."

"முடிவு வர நாள் எடுக்கும்," என்றார் வெளியே வந்த அதிகாரி. "அது என்னவா வந்தாலும், பிள்ளையை அந்த அறையிலை படுக்க விடாதேங்கோ."

கோழிக்கூட்டின் மேல் கிடந்த முகாம் தறப்பாளை இழுத்தெடுத்து முற்றத்தில் கட்டினேன். மகள் அதற்குக் கீழே படுத்து நித்திரையானாள், இழுப்பில்லாமல்.